இதைச் சுட்டது யார் என்று கேட்டார்கள்

என் அருமை மகன் செல்வத்துக்கு,

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். உன் அக்கா மகள் வசந்தா எஸ்.எஸ்.சி. பரீட்சை பாஸ். நம் தோட்டத்துப் பெண்பிள்ளைகளில் அந்தப் பரீட்சை மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான். கணக்கில் எவ்வளவு வாங்கினாள் என்று தொடங்கினால் நான் நிறுத்தமாட்டேன், அதனால் விடுகிறேன். அவள் தம்பி ரவி பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்து ஓர் எனாமல் கோப்பை வாங்கி வந்திருக்கிறான். அதில் அவனைத் தவிர வேறு யாரும் தேத்தண்ணீர் குடிக்கக் கூடாதாம். பூண்டுலோயாவில் உன் தங்கையின் மூத்தவன் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்கிறான். இளையவளுக்கு இன்னும் மூன்று வயது நிறையவில்லை. மாரியம்மன் கோயில் மேளத்துக்கு அவள் தலையாட்டிய தாளத்தைப் பார்த்து மேளக்காரரே அடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாராம். இதையெல்லாம் நான் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதும், கொழுந்து நிறுக்கும் இடத்திலும், மஸ்கெலியா பஸ்ஸிலும் சொல்லியாகிவிட்டது. "ரேடியோவுக்காச்சும் பேட்டரி தீரும், ஒனக்கு அதுவும் தீராதுடி" என்கிறார் உன் அப்பா. சொல்லிவிட்டுப் போகட்டும்.

இந்த வரிசையில் நீ இல்லை என்பதை நீயும் கவனித்திருப்பாய். உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. எட்டு நாள் அது அரிசி டின்னுக்கு அடியில் இருந்தது. அரிசி அளக்கும்போதெல்லாம் எடுத்துப் படித்தேன். நாலே வரி. "வட்டவளை வாத்தியார் எனக்கு நேரே கடிதம் எழுதியிருக்கிறார். ஹோட்டலில் எந்தப் பிரிவில் கிளாக்கராக இருக்கிறீர்கள் என்று கேட்கிறார். என்ன எழுதட்டும் அம்மா? நீங்களே சொல்லுங்கள்." கோபம் ஒரு சொல்லில்கூட இல்லை. நீ கோபப்பட்டு எழுதியிருந்தால் நான் அடுத்த நாளே பதில் போட்டிருப்பேன். வாத்தியார் மகளை உனக்குப் பேசத் தொடங்கியது நான். பிள்ளை கிளாக்கர் என்று அந்த வீட்டுக்குச் சொல்லி அனுப்பியதும் நான். அவர்கள் கேட்கிற கேள்விக்கு நீ பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உன் கேள்விக்கு நான் பதில் சொல்லத்தான் போகிறேன். ஆனால் எனக்குக் குறுக்கு வழி தெரியாது. மலையைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். நீயும் கூட நடந்து வா.

நாடு சுதந்திரம் வாங்கிய வருஷம்தான் நான் துரை பங்களாவில் சமைக்கக் குசினிக்குள் கால் வைத்தேன். அதுவரைக்கும் கொழுந்து பறித்தவள். அங்கே சமைத்துக்கொண்டிருந்த அப்பு கண்டிக்குப் போய்விட்டார்; துரையின் மனைவி துரைசாணிக்கு வேறு ஆள் வேண்டியிருந்தது. ஒரு காலையில், பனி இன்னும் செடிமேல் படுத்துக் கிடக்கிற நேரத்தில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு அவர் நடந்து வந்தார். பெண்களை வரிசையாக நிறுத்தி, "கை காட்டு" என்றார். எல்லாரும் பயந்து போனோம். சொறி சிரங்கு இருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தோம். ஒவ்வொருவர் கையையும் அவர் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். என் கையைப் பிடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். "ஐஸ்" என்றார். "ரொம்ப நல்ல கை. நீ வா." மாவு பிசைகிறவளுக்குக் கை குளிர்ந்திருக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. சூடான கை பட்டால் மாவுக்குள் இருக்கும் வெண்ணெய் உருகிவிடும்; உள்ளே காயோ கறியோ வைத்துச் சுடுகிற ‘பை’ ஓடு மாதிரி இறுகிவிடும். காலைப் பனியில் கொழுந்து பறித்து விறைத்துப்போன கைக்கு இப்படி ஒரு மதிப்பு இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

அந்தக் குசினியை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் பாதி மூடிக்கொள்ளும். ஜன்னலுக்கு வெளியே மலை இருக்காது, தோட்டம் இருக்காது, வெள்ளையாக மூடுபனி மட்டும் நிற்கும். ஏதோ மேகத்துக்குள் ஒரு அறையைக் கட்டி, அதில் ஒரு இரும்பு அடுப்பை வைத்து, என்னையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டது போல இருக்கும். அந்த அடுப்பின் வயிற்றில்தான் போறணை. அதன் சின்ன இரும்புக் கதவைத் திறந்தால் வெண்ணெயும் கறுவாவும் கலந்த சூடு முகத்தில் வந்து மோதும். தட்டிலிருந்து எழும் ஆவி ஜன்னலில் போய்ப் படியும். வெளியிலிருப்பது பனியா, உள்ளேயிருந்து போன ஆவியா என்று தெரியாது. அங்கே நேரமே நகராது.

முதலில் நான் கற்றது ஆப்பிள் இல்லாத ஆப்பிள் டார்ட். துரைசாணியின் ஊரில் வீட்டுக்கு வீடு ஆப்பிள் மரமாம். இங்கே கப்பலில் வருகிற ஆப்பிள் நம் தோட்டம் வந்து சேர்வதற்குள் பஞ்சாகிவிடும். அதனால் அவர் குசினிக்குப் பின்னால் வேலியில் படர்ந்து கிடந்த சௌசௌ காயைப் பறித்து வரச் சொன்னார். தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, தேசிக்காய் புளியும் சீனியும் கறுவாவும் இரண்டு கிராம்பும் போட்டுக் கண்ணாடி போல ஆகும்வரை வேகவைத்து, மாவுத் தட்டில் அடுக்கிச் சுட்டோம். நாம் பருப்பில் போட்டு ஆக்கித் தின்கிற அதே சௌசௌ. துரைசாணி ஒரு துண்டு வாயில் வைத்தார். மென்று விழுங்கினார். பிறகு, "என் அம்மா வீடு" என்றார் தமிழில். அந்த மூன்று சொல்லை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. கடல் தாண்டி வந்தவர் அவர். நம் தாத்தாவும் கடல் தாண்டி வந்தவர்தான். ஒரு காய் இன்னொரு பழம் போல நடித்து ஒரு மனுஷியை அவள் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டதே என்று எனக்கு அன்று முழுக்க ஆச்சரியம்.

பிறகு எத்தனை வகை! மரத்தக்காளியைக் காய்ச்சி ஊற்றிய சின்னச் சின்ன டார்ட்டுகள், ஒவ்வொன்றும் கோயில் அகல் விளக்கு போலச் சிவப்பாக இருக்கும். கித்துள் பனையின் இனிப்புப் பாணியும் தேங்காய்ப்பூவும் கலந்து சுட்டது ஒன்று. அது எங்கள் இருவருக்கும் பொதுவான கண்டுபிடிப்பு. அவர் ஊர்ப் பாணிக்குப் பதில் நம் ஊர்ப் பாணி. தேங்காய் என் யோசனை. நுவரெலியாப் பேரிக்காயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்துச் சுடுவது ஒன்று. உறைப்பில், உருளைக்கிழங்கும் லீக்சும் மிளகும் போட்ட பை. ஆட்டிறைச்சிப் பை. அதற்கு மேல்மூடியில் கத்தி நுனியால் ஒரு துளை போட வேண்டும். போடாவிட்டால் உள்ளே இருக்கும் ஆவி எங்கேயாவது உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் லீக்ஸ் பைதான். உனக்கு எப்போதும் சௌசௌ. உன் அப்பாவுக்கு எது கொடுத்தாலும் "கொஞ்சம் ஊறுகா இருக்கா?" என்பார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும், பின்னால் வருவதற்கு அது தேவை. பங்களா பையில் சிலதை மாட்டுக் கொழுப்பில்தான் பிசைவார்கள். அந்தக் கொழுப்பு ஒரு தனி டின்னில் இருக்கும். அதை லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் அறிவார்கள். "குசினிக்காரி வர்றா, கிட்ட போகாத, மாட்டு வாட அடிக்கும்" என்று பெண்கள் சிரிப்பார்கள். நான் தினமும் வீட்டுக்குப் புறப்படும் முன் தேசிக்காய்த் தோலால் முழங்கைவரை தேய்த்துக் கழுவுவேன். உங்களுக்கு என்று நான் கொண்டுவந்த துண்டுகள் எல்லாம் நெய்யில் தனியாகப் பிசைந்தவை. மாரியம்மன் சாட்சி. ஆனாலும் அந்தச் சிரிப்பு என் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வருஷக்கணக்கில் இறங்கவில்லை.

நீ பள்ளிக்கூடம் விட்டு நேரே குசினிக்கு வருவாய். தலை முழுக்கப் பனித்துளி இருக்கும். ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் நான் காய் பறிக்கப் போய்த் திரும்புவதற்குள் மாவைத் தேய்த்துத் தட்டில் விரித்து, ஓரத்தைக் கட்டைவிரலால் மடித்து மடித்து ஒரு பின்னல் போல வைத்திருந்தாய். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. துரைசாணி பார்த்துவிட்டு, "இது யார் செய்தது?" என்று கேட்டார். நான் உடனே, "நான்தான்" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். வீட்டுக்கு வரும் வழியில், "அம்மா, நான் பெரியவனானதும் இதத்தாம்மா செய்வேன்" என்றாய். நான் நடுப்பாதையில் நின்று உன்னை அடித்தேன். "பேனா புடிக்கிற கைடா இது. மாவு புடிக்கிறதுக்கா ஒன்ன படிக்க வைக்கிறேன்?" என்றேன். நீ அழவில்லை. மூடுபனிக்குள் எனக்கு முன்னால் நடந்து போனாய். கொஞ்ச தூரத்தில் உன் முதுகு தெரியாமல் போயிற்று. அந்தக் காட்சி அடிக்கடி எனக்குக் கனவில் வருகிறது. கனவில் நான் கூப்பிடுகிறேன், பனி மட்டும் திரும்பிப் பார்க்கிறது.

ஏன் அடித்தேன் என்று நீ கேட்டதில்லை. நானே சொல்கிறேன். அந்த நாட்களில் நம் ஆட்களுக்கு இந்த நாட்டில் பிரஜையா இல்லையா என்பதே கேள்வியாக இருந்தது. தாள் வைத்திருப்பவன் இருப்பான், இல்லாதவன் போவான் என்று பேசிக்கொண்டார்கள். தாளோடு பழகுகிறவன், தாளில் எழுதுகிறவன், அவனை யாரும் எங்கும் அனுப்பமாட்டார்கள் என்று நான் நினைத்தேன். அஞ்சாம் வகுப்புப் படித்தவளின் அரசியல் அவ்வளவுதான். இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் பெரிய காரணம்: என்னைப் பார்த்துச் சிரித்த அந்தச் சிரிப்பு உனக்கும் வரக் கூடாது.

நீ நுவரெலியா ஹோட்டலில் வேலை கிடைத்துப் போன அன்று பஸ் நிற்கும் இடத்தில் கங்காணி வீட்டுப் பேச்சியம்மா அக்கா கேட்டார்: "தம்பிக்கு என்னா வேலை?" நான் யோசிக்கவேயில்லை. "கிளாக்கரு" என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து விழுந்ததும் அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. அதை நான் கண்டுகொண்டேன். பிறகு அந்தச் சொல்லை விட முடியவில்லை. உனக்கு மேசை உண்டு என்றேன். மின்விசிறி உண்டு என்றேன். நுவரெலியாக் குளிரில் மின்விசிறி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நீ லீவில் வரும்போது அந்தப் பொய் உன் காதிலும் விழுந்தது. நீ அப்போதும் என்னைப் பார்த்தாய்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். வசந்தா பெரிய மனுஷியான சடங்கு. நீ நானுஓயாவில் ரயில் ஏறி, ஹட்டனில் இறங்கி, பஸ் பிடித்து, இரண்டு பெரிய பிஸ்கட் டின்களை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாய். ஒன்றில் ஆட்டிறைச்சிப் பை. மற்றதில் சௌசௌ டார்ட். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அந்தப் பின்னல். என்னை உள்ளே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாய்: "முழுக்க நெய்யிலதாம்மா பெசஞ்சேன். வேற கொழுப்பு ஒரு துளி படல. தட்டுகூட புதுசு. லீவு நாள்ல தனியா நின்னு சுட்டேன்." உன் கண் எப்படி இருந்தது தெரியுமா? ஏழாம் வகுப்பில் இருந்தது போலவே இருந்தது.

தட்டில் வைத்து எல்லாருக்கும் நீட்டினோம். பேச்சியம்மா அக்கா ஒன்றைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார். "அடியாத்தி, வாசமே ஆளத் தூக்குதே. யாரு சுட்டது இது?"

"நுவரெலியா ஹோட்டல்ல வாங்கிட்டு வந்திருக்கான்க்கா. அங்கதான கிளாக்கரா இருக்கான்" என்றேன் நான்.

அவர் கை அப்படியே நின்றது. "ஹோட்டல்லயா? வெள்ளக்காரன் ஹோட்டல் பண்டத்துல மாட்டுக் கொழுப்பு இல்லாமயா இருக்கும்?" என்றவர், உன் பக்கம் திரும்பினார். "ஏந்தம்பி, நீயே சொல்லுப்பா. அங்க எதுல பெசயிறாங்க?"

நீ என்னைப் பார்த்தாய். நான் சுட்டேன், நெய்யில் சுட்டேன் என்று நீயே சொல்லியிருக்கலாம். சொன்னால் உன் அம்மா பொய்க்காரி ஆகிவிடுவாள். அதனால் நீ, "அம்மாவுக்குத்தான் தெரியும், அத்தை" என்றாய். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாசலைத் திறந்து பிடித்துக்கொண்டு, வாங்க அம்மா என்று நீ கூப்பிட்டது போல இருந்தது. எனக்கு அது புரிந்தது, செல்வம். நன்றாகவே புரிந்தது. புரிந்துகொண்டே நான் சொன்னேன்: "எனக்கென்ன தெரியும், கடைக்காரன் என்னத்தப் போட்டான்னு."

பேச்சியம்மா அக்கா கையிலிருந்ததைத் தட்டில் வைத்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் வைத்தார்கள். ஏற்கனவே ஒரு வாய் கடித்துவிட்ட பெரியவர் ஒருவர் எழுந்து பீலிக்கு ஓடி வாய் கொப்பளித்தார். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். நீ இரண்டு டின்னையும் எடுத்துக்கொண்டு லயத்தின் கடைசி வாசற்படிக்குப் போய் உட்கார்ந்தாய். ஒரு டார்ட்டை எடுத்து மெதுவாகத் தின்றாய். உன் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே ஒரு பையை எடுத்துக் கடித்தார்.

"உப்பு சரியா இருக்காப்பா?" என்று நீ கேட்டாய்.

"சரியாத்தான் இருக்கு. ஊறுகாகூட வேணாம்" என்றார்.

அந்த மனுஷர் தன் வாழ்நாளில் யாரையும் அதற்கு மேல் பாராட்டியதில்லை. அடுத்த நாள் முதல் பஸ்ஸில் நீ போய்விட்டாய். மிச்சத்தை நான் தேயிலைக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓடும் கானில் கொட்டினேன். கொட்டும்போது உடைந்த ஒன்றின் உள்ளே பார்த்தேன். மாவு ஏடு ஏடாக, மெல்லிசாக, பனி அடுக்கு போல இருந்தது. என் கையால் ஒரு நாளும் அப்படி வந்ததில்லை. துரைசாணி கையாலும் வந்ததில்லை. அது நடந்து மூன்று வருஷமாகிறது. மாதம் தவறாமல் நாலு வரி எழுதுகிறாய். படி ஏறி வரவில்லை.

உன் கடிதம் வந்த எட்டாம் நாள், அதாவது நேற்று ஞாயிற்றுக்கிழமை, நான் கொல்லையில் ஒரு சௌசௌ பறித்தேன். லயத்தில் போறணை ஏது? பெரிய மண்சட்டியில் மணல் பரப்பி, அதற்குள் தட்டை வைத்து, இரும்பு மூடியால் மூடி, மூடிமேலும் தணல் அள்ளிப் போட்டேன். கீழேயும் நெருப்பு, மேலேயும் நெருப்பு. உன் அப்பா ஒரு முக்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டு, "லயத்த எரிக்காம வுட்டா சரி" என்றார். காலை வெயில் அப்போதுதான் பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. சட்டியிலிருந்து கறுவா வாசம் எழுந்து வரிசை வீடுகளின் தகரக் கூரையோடு நகர்ந்து போவது கண்ணுக்குத் தெரிவது போலவே இருந்தது. ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டிக்கொண்டு போயிற்று அது. பங்களாக் குசினியை விட்டு எத்தனை வருஷமாயிற்று, அந்த வாசத்தை முகர்ந்து! நான் கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறேன் என்பதையே மறந்து, சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

டார்ட் ஒரு பக்கம் கருகிப் போயிற்று. பரவாயில்லை என்று அதையே எடுத்துக்கொண்டு பேச்சியம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். அங்கே மருமகளும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். நல்லதாகப் போயிற்று. உட்காராமலே சொன்னேன்: "அக்கா, எம்மகன் கிளாக்கரு இல்ல. ஹோட்டல் குசினியில பை, டார்ட்டு சுடுறான். அன்னைக்கு சடங்குக்கு கொண்டாந்தது அவன் கையால சுட்டது. நெய்யில சுட்டது. நான்தான் பொய் சொன்னேன்." சொல்லிவிட்டு, முதல் துண்டை நானே வாயில் போட்டுக்கொண்டேன்.

பேச்சியம்மா அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "அதச் சொல்ல இத்தன வருஷமா?" என்றார்.

"ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

"கிளாக்கரு கையில எதுக்குடி தீத்தழும்பு? தட்ட நீட்டுனப்ப பாத்தேனே, முழங்கை வரைக்கும் கோடு கோடா."

"தெரிஞ்சுமா மாட்டுக் கொழுப்புன்னு கேட்டீங்க?"

"தெரிஞ்சதாலதான் கேட்டேன். எம்மகன் சுட்டதுன்னு வாயத் தொறப்பேன்னு பாத்தேன். நீ தொறக்கல. நான் என்னா பண்றது?" கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "கொஞ்சம் குசும்பும் இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல. எங்க பாத்தாலும் ஒம்புள்ளைங்க, ஒம்பேரப்புள்ளைங்கன்னே பேசிக்கிட்டு இருந்தா எங்களுக்கும் பொறுக்குமா? ஆனா அந்தத் தம்பி தனியா ஒக்காந்து தின்னான் பாரு. அது எனக்கு இன்னும் வயித்துல கெடக்குது." பிறகு ஒரு பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தார். மென்றார். "இனிப்பு கம்மி. கருகவும் வுட்டுட்ட. இதுக்குத்தான் அவன வேலைக்கு எடுத்திருக்காங்க, ஒன்ன எடுக்கல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. யாரும் அதைப் பார்க்காதது போல இருந்தார்கள். நல்ல மனுஷிகள்.

ஆக, இங்கே சொல்லியாகிவிட்டது. இனி வட்டவளை. உன் கேள்விக்கு என் பதில் இது: வாத்தியாருக்கு உள்ளதை எழுது. கிளாக்கர் இல்லை என்று எழுது. விடியுமுன் எழுந்து மாவு பிசைகிறேன் என்று எழுது. என்னென்ன சுடுகிறாய் என்பதையும் பெயர் பெயராக எழுது, வெட்கப்படாதே. அம்மா ஏன் அப்படிச் சொன்னார் என்று அவர் கேட்டால், அதற்கு அம்மாவே நேரில் வந்து பதில் சொல்வார் என்று எழுது. அவர்கள் வேண்டாம் என்று சொல்லலாம். படித்த குடும்பம், ஒரு முறை ஏமாற்றப் பார்த்தவர்கள் வீட்டில் பெண் கொடுக்க யோசிக்கத்தான் செய்வார்கள். அப்படி அந்தப் பெண் உனக்கு இல்லாமல் போனால் அது என்னால் போனது. அதை நான் சாகும்வரை சுமந்துதான் ஆக வேண்டும். ஆனால் நீ தின்றுகொண்டிருந்த அந்த வாசற்படிக்கு இன்னொரு பிள்ளையையும் கொண்டுவந்து உட்காரவைக்க நான் தயாராக இல்லை. பொய்க்குள் ஒரு பெண்ணைக் கூட்டி வந்தால், அவளும் ஒவ்வொரு சடங்கிலும் யார் சுட்டது என்று கேட்கிறவர்கள் முன்னால் என்னைப் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

கல்யாணம் எங்கே கூடினாலும், யாரோடு கூடினாலும், ஒன்றே ஒன்று கேட்டுக்கொள். வீட்டுக்கு வருகிறவளிடம் உன் வேலையைப் பற்றி தினமும் பேசு. இன்றைக்கு மாவு எப்படி வந்தது, எது கருகிற்று, யார் நன்றாக இருக்கிறது என்றார்கள் என்று பேசு. நானும் உன் அப்பாவும் நாற்பது வருஷம் ஒரே அறையில் இருந்தோம். குசினியில் எனக்கு இருந்த சந்தோஷத்தை நான் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நேற்று சட்டிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தபோதுதான், "ஒனக்கு இது இவ்ளோ புடிக்குமாடி?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

கடைசியாக ஒரு காரியம். நம் வீட்டுச் சுவரில் உன் போட்டோ தொங்குகிறதே, ஸ்டூடியோக்காரனின் கோட்டை மாட்டிக்கொண்டு, சட்டைப் பையில் அவன் பேனாவைக் குத்திக்கொண்டு எடுத்தது, அதன் இன்னொரு பிரதியைத்தான் நான் வட்டவளைக்கு அனுப்பியிருந்தேன். சுவரில் இருந்ததை நேற்றே இறக்கிவிட்டேன். இப்போது அந்த இடம் வெறுமையாக, சுற்றியிருக்கும் புகைக் கறைக்கு நடுவே வெள்ளைக் கட்டமாகத் தெரிகிறது. நீ வேலையில் போடுகிற வெள்ளைச் சட்டையும் அந்த உயரமான தொப்பியும் போட்டுக்கொண்டு, அன்று சுட்ட தட்டு ஏதாவது கையில் இருக்கும்படி புதிதாக ஒரு போட்டோ எடு. தொப்பி கோணலாக இருந்தால் நேராக்காதே, அப்படியே எடு. இரண்டு பிரதி வேண்டும். ஒன்று சுவருக்கு. மற்றதை எடுத்துக்கொண்டு நானே வட்டவளைக்குப் போகிறேன். உன் அப்பாவும் வருகிறேன் என்கிறார். வாத்தியார் முன்னால் வைத்து, முன்பு நான் அனுப்பியதைத் திருப்பிக் கேட்கப் போகிறேன். போட்டோவுக்குப் பின்னால் உன் பெயரையும் உன் வேலையையும் நீயே உன் கையெழுத்தில் எழுதி அனுப்பு. அதை அவர்கள் வீட்டுக் கூடத்தில் நின்று நான் சத்தமாக வாசிக்க வேண்டும். மழை தொடங்கிவிட்டது, தபால் நனைகிறது; இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி, இந்த வாரமே போட்டுவிடு.

உன் அம்மா